ஊரை விட்டவர்: பல்ராஜ் ஸாஹ்னியின் மூன்று படங்கள்

பிழைப்பைத் தேடிப் பிற மாநிலங்களிலே குடியேறிய தமிழர்களாகிய நாம் சினிமாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் சென்னைப் படங்களையே சுற்றிச் சுற்றி வரும். அது இயற்கைதான். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியில் தமிழ்ப் படம் ஒன்று ஓடுகிறது என்று கேள்விப்பட்டால், நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு டிராம் ஏறிப் போனவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நாம் குடிவந்த ஊர்களில் நம் அண்டை வீட்டார் பார்த்துக் கண்கலங்கிய படங்களிலும் நம்முடைய கதை இருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு வெகு காலம் வரையில் தோன்றவில்லை.

சென்ற மாதம் ஊரிலிருந்து என் தம்பி கடிதம் எழுதியிருந்தான். பூட்டிக் கிடக்கும் பூர்விக வீட்டை விற்றுவிடலாம் என்றும், பத்திரத்தில் நான் வந்து கையெழுத்திட வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அந்தக் கடிதம் மேசைமேல் கிடந்த வாரத்திலேதான், என் மகன் தன் கணிப்பொறியில் போட்டுக் காட்ட, பல்ராஜ் ஸாஹ்னி நடித்த மூன்று பழைய இந்திப் படங்களை மறுபடியும் பார்த்தேன். 1953-இல் வெளிவந்த ‘தோ பீகா ஜமீன்’, 1961-இல் வெளிவந்த ‘காபூலிவாலா’, 1974-இல் வெளிவந்த ‘கரம் ஹவா’ என்பவை அவை. மூன்றையும் எடுத்த இயக்குநர்கள் வேறு வேறு. கதை ஆசிரியர்களும் வேறு வேறு. ஆயினும் மூன்றிலும் ஒரே மனிதனைத்தான் பார்த்தேன். முதற்படத்தில் அவன் ஊரை மீட்பதற்காக ஊரை விடுகிறான். இரண்டாவதில் வந்த இடத்திலே ஊரை நினைத்து ஏங்குகிறான். மூன்றாவதில் எல்லாரும் போன பிறகும் போகமாட்டேன் என்கிறான்.

பல்ராஜ் ஸாஹ்னி 1913-ஆம் ஆண்டு ராவல்பிண்டியில் பிறந்தவர். லாகூரிலே ஆங்கில இலக்கியம் பயின்றவர். சாந்திநிகேதனில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். சேவாகிராமத்தில் காந்தியடிகளின் அருகிலிருந்து பணியாற்றினார். பிறகு யுத்த காலத்தில் இலண்டனுக்குச் சென்று, பி.பி.சி. வானொலியில் இந்தி அறிவிப்பாளராக இருந்தார். ஆகவே வானொலிக்கு அவர் பழைய உறவு. ஒலிபெருக்கிக்கு முன்னே கத்த வேண்டியதில்லை, தாழ்ந்த குரலிலே பேசினாலும் கேட்பவரின் காதுக்குப் போய்ச் சேரும் என்பதை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார் போலும் என்பது என் ஊகம். நாடகமேடைக் குரலிலே வசனங்கள் முழங்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்துப் படங்களில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவரைப்போல் அவர் பேசியது புதுமையாக இருந்தது.

இனி, ‘தோ பீகா ஜமீன்’. இரண்டு பீகா நிலம் என்பது அதன் பொருள். வங்காளக் கணக்கில் மூன்று பீகா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர் ஆகும். ஆகவே இரண்டு பீகா என்பது நம் ஊர்க் கணக்கில் சுமார் 66 சென்ட் நிலம். அவ்வளவுதான் சம்பு மஹதோ என்ற குடியானவனின் சொத்து. ஆலை கட்டுவதற்காக ஜமீன்தார் அதைக் கேட்கிறார்; அவன் மறுக்கிறான். பழைய கடனுக்குப் பொய்க் கணக்கு எழுதி, 235 ரூபாய் பாக்கி என்று வழக்குத் தொடுக்கிறார் ஜமீன்தார். மூன்று மாதத்தில் கட்ட வேண்டும், இல்லையேல் நிலம் ஏலத்துக்கு வரும் என்பது தீர்ப்பு. சம்பு கல்கத்தாவுக்குப் புறப்படுகிறான். அவனுக்குத் தெரியாமல் சிறுவனாகிய மகனும் ரயிலில் வந்துவிடுகிறான்.

நான் இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தது கல்கத்தாவிலேதான். 1974-ஆம் ஆண்டு உத்தியோகத்தின் பொருட்டு அந்நகருக்கு வந்த புதிது. பழைய படங்களைக் காலைக் காட்சியில் மலிவாகக் காட்டுவார்கள். எனக்கு அப்போது இந்தி பாதி புரியும், பாதி புரியாது. ஆயினும் சம்பு ஹௌராவில் இறங்கிப் பெரிய வீதியைக் கடக்கத் தெரியாமல் திகைத்து நின்றபோது, எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

சம்பு கைரிக்‌ஷா இழுக்கிறான். மிதிவண்டிபோல் மிதிப்பது அன்று அது. இரண்டு ஏர்க்காலுக்கு நடுவே மனிதனே மாடாகி ஓடுவது. படத்தில் ஒரு காட்சி உண்டு. ஒரு ரிக்‌ஷாவில் ஒரு பெண். பின்னால் சம்புவின் வண்டியில் ஒரு வாலிபன். முன்வண்டியைப் பிடித்துவிட்டால் அதிகப் பணம் தருகிறேன் என்று அவன் ஆசை காட்டக் காட்ட, சம்பு ஓடுகிறான். முன்னே ஓடுகிறவனும் ஓடுகிறான். வண்டியில் இருப்பவர்களுக்கு விளையாட்டு. ஓடுகிறவனுக்கு 235 ரூபாய். கடைசியில் சக்கரம் கழன்று அவன் கீழே விழுகிறான். இந்தக் காட்சியிலே பல்ராஜ் ஸாஹ்னி முகத்தைக்கொண்டு நடிக்கவே இல்லை. முதுகையும் கால்களையும் கொண்டு நடித்தார் என்றே சொல்ல வேண்டும்.

இதற்காக அவர் பட்ட பாட்டைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மேல்நாட்டு உடை அணிந்து, ஆங்கிலம் பேசும் இவரைக் கண்ட இயக்குநர் பிமல் ராய், இவர் எப்படிக் குடியானவனாக நடிப்பார் என்று முதலில் ஐயுற்றாராம். கல்கத்தா வீதியிலே ரிக்‌ஷா இழுத்துப் பழகியும், பாத்திரம் தமக்குக் கைகூடவில்லை என்று ஸாஹ்னி மனம் சோர்ந்திருக்கிறார். அப்போது பீகாரிலிருந்து வந்த நடுத்தர வயது ரிக்‌ஷாக்காரர் ஒருவர் பேச்சுக்கொடுத்தார். படத்தின் கதையைச் சொன்னதும் அவர் கண்ணீர் விட்டார். அது தம்முடைய கதையேதான் என்றார். அவருடைய இரண்டு பீகா நிலமும் ஜமீன்தாரிடம் ஈட்டில் இருந்தது; அதை மீட்கத்தான் பல ஆண்டுகளாக அவர் ரிக்‌ஷா இழுத்துக்கொண்டிருந்தார். அன்றோடு நடிப்புக் கலை பற்றிய யோசனைகளை விட்டுவிட்டு, அந்த மனிதரையே மனத்தில் நிறுத்திக்கொண்டதாக ஸாஹ்னி எழுதுகிறார்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. கணவனைத் தேடிக் கல்கத்தா வந்த மனைவி மோட்டாரில் அடிபட, அவளை ஏற்றிச் செல்ல வரும் ரிக்‌ஷா சம்புவினுடையதாகவே இருப்பது கதாசிரியரின் வசதிக்காக வந்த தற்செயல். ஆனால் முடிவு அப்படியன்று. நிலம் போய்விட்டது, அங்கே ஆலை எழும்புகிறது. வேலிக்கு வெளியே நின்று சம்பு ஒரு பிடி மண்ணை எடுக்கிறான். காவற்காரன், திருட்டு என்று எண்ணி, கையைத் திறக்கச் சொல்கிறான். சம்பு கையைத் திறக்கிறான், மண் உதிர்கிறது. அழுகை இல்லை, வசனம் இல்லை. 1954-இல் கான் திரைப்பட விழாவிலே இப்படத்துக்குப் பரிசு கிடைத்தது.

‘காபூலிவாலா’ தாகூரின் சிறுகதை என்பதை அறியாதார் இரார். ஹேமேன் குப்தா இயக்கிய இந்திப் படத்துக்கு முன்பே, 1957-இல், தபன் சின்ஹா வங்காளியில் அதை எடுத்துவிட்டார். அதில் நடித்தவர் சபி பிஸ்வாஸ். எங்கள் தெருவிலிருந்த வங்காளி நண்பர்களிடம் இந்திப் படத்தைப் புகழ்ந்தால் அன்றைக்கு நமக்குத் தேநீர் கிடைக்காது. உண்மையில், கதையின் சிக்கனம் வங்காளிப் படத்தில்தான் மிகுதி. இந்திப் படம் இடையிடையே பாட்டுக்காக நிற்கிறது. ஆனால் ஸாஹ்னியிடம் ஒன்று இருந்தது. பட்டாணியர்களின் நாட்டுக்கு அண்மையிலுள்ள ராவல்பிண்டியில் பிறந்து வளர்ந்தவர் அவர். அந்த ஊர் 1947-இல் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. தாய்நாட்டை நினைத்து நண்பர்கள் இரவிலே பாடும் காட்சியில், மன்னா டேயின் குரலுக்கு நடுவே அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சும்மா இருத்தலில் காபூல் மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. படம் வந்த மறு ஆண்டு, 1962-இல், அவர் தாம் பிறந்த ஊரைப் பார்க்கப் பாகிஸ்தான் சென்றார். அந்தப் பயணத்தைப் பஞ்சாபி மொழியிலே நூலாக எழுதினார். அவரைத் தாய்மொழியில் எழுதத் தூண்டியவரும் தாகூரே.

சிறையிலிருந்து மீண்ட காபூலிவாலா, மினி என்னும் சிறுமியைத் தேடி வருகிறான். அவள் மணக்கோலத்தில் நிற்கிறாள். அவனை அடையாளம் தெரியவில்லை. அப்போதுதான் ஊரிலுள்ள தன் மகளும் வளர்ந்திருப்பாள் என்பது அவனுக்கு உறைக்கிறது. இத்தனை ஆண்டுகளும் அவன் மடியில் வைத்திருந்த தாளிலே அவளுடைய சிறு கையின் கரி அச்சு அப்படியே இருக்கிறது. என் மனத்திலும் எங்கள் ஊர்க் குளம் நிறையத் தண்ணீரோடுதான் இருக்கிறது. அது தூர்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆயின என்று தம்பி எழுதுகிறான்.

சென்னைப் படவுலகுக்கும் ஸாஹ்னி அந்நியரல்லர். ஏவி.எம். நிறுவனத்தார் ‘குலதெய்வம்’ என்ற தமிழ்ப் படத்தை 1957-இல் ‘பாபி’ என்று இந்தியில் எடுத்தபோது, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் அவர் நடித்தார். 1952-இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘என் தங்கை’யின் கதை, 1959-இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில் ‘சோட்டி பஹன்’ ஆனபோதும் அண்ணனாக நடித்தவர் அவரே. அவை நன்றாக ஓடிய படங்கள். ஆனால் நல்லவராக இருப்பதைத் தவிர வேறு வேலையை அவை அவருக்குக் கொடுக்கவில்லை.

‘கரம் ஹவா’வுக்கு வருகிறேன். வெப்பக் காற்று என்பது பொருள். இஸ்மத் சுக்தாயின் கதையைத் தழுவிக் கைபி ஆஸ்மியும் ஷமா ஜைதியும் எழுத, மைசூரிலிருந்து வந்த எம்.எஸ். சத்யு இயக்கினார். பிரிவினைக்குப் பின் ஆக்ராவில் செருப்புத் தயாரிக்கும் சலீம் மிர்ஸா என்பவரின் குடும்பக் கதை அது. படம் தொடங்கும்போது சலீம் ரயில் நிலையத்தில் நிற்கிறார், அக்காவை வழியனுப்புகிறார். திரும்பி வரும்போது குதிரைவண்டிக்காரன், இன்று யாரை ஏற்றிவிட்டு வந்தீர்கள் என்று கேட்கிறான். பிறகு அண்ணன் போகிறார். மூத்த மகன் போகிறான். ஒவ்வொரு முறையும் அதே ரயில் நிலையம்.

குடும்ப வீடு அண்ணன் பெயரில் இருந்ததால், அவர் பாகிஸ்தான் போனதும் அது அரசின் கைக்குப் போய்விடுகிறது. வாடகைக்கு வீடு தேடினால் கிடைப்பதில்லை. இவரும் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று கடன் கொடுப்பவர்கள் தயங்குகிறார்கள். பழைய வீட்டின் வரைபடத்தை அண்ணனுக்கு அனுப்பியதற்காக ஒற்றர் என்ற பழி வேறு வந்து சேர்கிறது. இவ்வளவுக்கும் சலீம் குரலை உயர்த்துவதில்லை. கைத்தடியோடு, கொஞ்சம் கூன் விழுந்த நடையில் போய்க்கொண்டேயிருக்கிறார். சம்புவாக ஓடிய அதே கால்கள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், நடிகர் செய்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது புலனாகும்.

வீட்டைக் காலி செய்யும் நாளிலே, சலீமின் கிழத்தாய் போகமாட்டேன் என்று விறகு அடுக்கும் அறையில் போய் ஒளிந்துகொள்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது. உயிர் பிரியும் தறுவாயில் பல்லக்கிலே அந்த வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். இந்த இடத்தில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். என் தாயார் கடைசி ஆறு ஆண்டுகள் எங்களோடு கல்கத்தாவில் இருந்தார். ஊர் வீட்டுச் சாவி அவருடைய சுருக்குப்பையில் வெற்றிலையோடு இருக்கும். பூட்டை எப்போதோ மாற்றிவிட்டோம் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சலீமின் மகள் ஆமினா தற்கொலை செய்துகொள்ளும் காட்சியைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். தந்தை உள்ளே வருகிறார், பார்க்கிறார், ஓலமிடுவதில்லை. அப்படத்தில் நடிப்பதற்குச் சற்று முன்னர்தான், 1972-இல், ஸாஹ்னி தம் சொந்த மகளைப் பறிகொடுத்திருந்தார். இதற்கு மேல் அந்தக் காட்சியை விமரிசிக்க எனக்கு மனம் வரவில்லை. இப்படத்துக்குக் குரல் கொடுத்து முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று, அவர் மாரடைப்பால் காலமானார். தணிக்கையினரின் தயக்கத்தைக் கடந்து படம் வெளிவந்ததை அவர் காணவில்லை. தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருதும் பின்னரே வந்தது.

முடிவைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் வழக்கு. எல்லாம் இழந்த சலீம் கடைசியில் தாமும் புறப்படுகிறார். குதிரைவண்டி ரயில் நிலையத்தை நோக்கிப் போகிறது. வழியிலே வேலை கேட்டுக் கொடி பிடித்து வரும் ஊர்வலம் ஒன்று எதிர்ப்படுகிறது. இளைய மகன் இறங்கி அதில் சேர்ந்துகொள்கிறான். சிறிது நேரம் பார்த்திருந்த சலீமும், மனைவியை வண்டியிலேயே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிடுகிறார். இது ஆசிரியர் தம் கொள்கைக்காக ஒட்டவைத்த முடிவு, ஓர் ஊர்வலம் தெருவில் வந்ததற்காக ஒருவர் தம் முடிவை மாற்றிக்கொள்வாரா என்பது என் கட்சி. என் மனைவி ஒப்பவில்லை. அத்தனை தடவை அதே ரயில் நிலையத்துக்குப் போய் அத்தனை பேரை ஏற்றிவிட்டு வந்தவர் அவர். இப்போது அவரை ஏற்றிவிட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். நான் அந்தக் காட்சியை மறுபடியும் போடச் சொன்னேன். வண்டியிலிருந்து இறங்குமுன் ஸாஹ்னி ஒருமுறை பின்னால் இருக்கும் மூட்டை முடிச்சுகளைப் பார்க்கிறாரா, இல்லையா என்பதில் இப்போது புதிதாக ஒரு வழக்கு.