அலை நனைக்கும் மண் யாருடையது?

குளிர்காலப் பள்ளி விடுமுறை நெருங்கும்போது டொரொன்டோவிலும் நியூ ஜெர்சியிலும் உள்ள தமிழ் வீடுகளில் கரீபியன் பேச்சு தொடங்கிவிடும். பிள்ளைகளோடு ஜமைக்காவுக்குப் போவதா, பார்படோஸுக்கா, டொமினிக்கன் குடியரசின் புந்தா கானாவுக்கா? மணல் எவ்வளவு வெள்ளை, விமானக் கட்டணம் எவ்வளவு, சாப்பாடும் சேர்த்தா என்று பார்த்து முடிவெடுக்கிறோம். இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது என் வாதம். அந்த ஊர்ப் பிள்ளை காசு கொடுக்காமல் அந்தக் கரையில் இறங்கிக் குளிக்க முடியுமா? தீவுக்குத் தீவு இதன் விடை மாறுகிறது. அப்படி மாறக் காரணம் கடலோ மணலோ அல்ல, சட்டம். அந்தச் சட்டங்களின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால்தான் நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது புரியும்.

கரும்புத் தோட்ட முதலாளிகளின் காலத்தில் கடற்கரை மணலுக்குப் பெரிய மதிப்பு இல்லை. அதில் கரும்பு விளையாது. கோட்டை கட்டவும் சர்க்கரையைக் கப்பலேற்றவும்தான் கரை வேண்டியிருந்தது. அன்று தீவுகளுக்கு வந்த பயணிகளில் பலர் உடல்நலம் தேடி வந்தவர்கள். நுரையீரல் நோயால் வாடிய அண்ணன் லாரன்ஸுக்குத் துணையாக 1751இல் பார்படோஸ் வந்த ஜார்ஜ் வாஷிங்டனின் பயணம் அப்படிப்பட்டதுதான். அவர் வாழ்நாளில் கடல் கடந்து போனது அந்த ஒரு முறைதான். கடலில் குளிப்பதே மருந்து என்ற எண்ணம் பின்னால் பரவியது. ஜமைக்காவின் மாண்டிகோ பேயில் மெக்காட்டி என்ற மருத்துவர் 1906இல் தன் கடற்கரை நிலத்தைக் குளியல் மன்றம் ஒன்றுக்குக் கொடுத்தார். ஒரு குகை வழியாக நுழைந்து மணலுக்கு இறங்க வேண்டியிருந்ததால் அந்த இடத்துக்கு 'டாக்டர்ஸ் கேவ்' என்று பெயர். 1932ஆம் ஆண்டுப் புயல் குகையை அழித்துவிட்டது, பெயர் மட்டும் நிலைத்தது. அந்தக் கரைக்குள் போக இன்றும் கட்டணம் உண்டு.

ஜமைக்காவில் தீர்மானகரமான ஆண்டு 1956. நாடு விடுதலை பெற ஆறு ஆண்டுகள் இருந்தபோது காலனி ஆட்சியில் இயற்றப்பட்ட கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அலை ஏறி இறங்கும் மணல்பட்டையையும் கடலடி நிலத்தையும் பிரிட்டிஷ் முடியாட்சியின் உடைமையாக்கியது. வழக்கமாக மீன்பிடித்து வந்தவர்களின் உரிமையை அது விட்டுவைத்தது. ஆனால் கரைக்குப் போகவும் கடலில் குளிக்கவும் பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை எதையும் தரவில்லை. கரையைப் பயன்படுத்த அரசு உரிமம் வழங்கும். உரிமம் பெற்ற விடுதி வேலி போடலாம். 1962இல் விடுதலை வந்த பிறகும் சட்டம் அப்படியே நீடித்தது. இதற்கிடையில் கியூபாவின் 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அமெரிக்கா அந்நாட்டின் மீது தடை விதிக்க, அதுவரை ஹவானாவுக்கும் வரதேரோவுக்கும் போய்க்கொண்டிருந்த அமெரிக்கக் கூட்டம் வேறு தீவுகளைத் தேடியது. ஜெட் விமானமும் அதே காலத்தில் வந்தது. 1970களில் ஜமைக்காவின் அரசியல் வன்முறை பயணிகளை அச்சுறுத்தியபோது, அறை, சாப்பாடு, மது, விளையாட்டு எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் மதிலுக்குள் தரும் விடுதி முறை வேரூன்றியது. 1981இல் மாண்டிகோ பேயில் தொடங்கிய 'சாண்டல்ஸ்' இணையர்களுக்கு மட்டுமானது. அதே நிறுவனம் குடும்பங்களுக்கென்று 'பீச்சஸ்' விடுதியை 1997இல் நெக்ரிலில் திறந்தது. இன்று நம் கைபேசியில் வரும் குடும்பப் பேக்கேஜ் பிறந்த கதை இதுதான்.

இனி பிரெஞ்சுத் தீவுகளுக்கு வருவோம். குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் கடலோரத்தில் 'ஐம்பது தப்படி' நிலத்தை 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அரசன் தனக்கென ஒதுக்கிக்கொண்டான். எதிரிக் கப்பல்களிடமிருந்து தீவைக் காக்க அந்தப் பட்டை வேண்டியிருந்தது. அளவு 81.20 மீட்டர். பீரங்கிக்காகச் செய்த ஒதுக்கீடு பின்னால் எளியவர்களுக்குக் கைகொடுத்தது. 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும், நிலமில்லாத பலர் குடியேறிய இடம் அந்தப் பட்டைதான். காலியான கரும்பு வயல்களுக்கு 1853, 1854 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் புதுச்சேரி, காரைக்கால் வழியே வந்த தமிழர்கள் நிறையப் பேர். முத்துசாமி என்ற பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குவாதலூப்பில் இன்றும் வழங்குகிறது. 'கொலொம்போ' என்ற மசாலாக் குழம்பு அங்கே எல்லார் வீட்டுச் சாப்பாடு. ஐம்பது தப்படி நிலத்தை விற்க 1955இல் வழிவிட்ட பிரெஞ்சு அரசு, 1986ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டத்தின் மூலம் அதை மீண்டும் பொதுவுடைமையாக்கியது. குவாதலூப்பின் செயிண்ட் ஆன் ஊரின் கரையில் பவளப்பாறை அலையைத் தடுப்பதால் சிறு பிள்ளைகள் நிற்கும் அளவுக்குத் தண்ணீர் அமைதி. ஊர்க்காரர்களும் விருந்தினர்களும் ஒரே மணலில் அமர்கிறார்கள்.

பார்படோஸிலும் கடற்கரை பொதுச் சொத்துதான். ஆனாலும் மேற்குக் கரையில் மாளிகைகளும் விடுதிகளும் அடுக்கடுக்காக எழுந்து, மணலுக்குப் போகும் ஒழுங்கைகளைக் குறுக்கிவிட்டன. புந்தா கானாவும் அப்படித்தான்: கடலோரம் 60 மீட்டர் பொது நிலம் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, ஆனால் பல இடங்களில் அங்கே போகும் வழி விடுதியின் உள்ளேதான் இருக்கிறது. சட்டத்தோடு வழியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பாதுகாப்புதானே முக்கியம், மதில் இருந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். பெற்றோரின் பயத்தை நான் இலேசாக நினைக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கான பாதுகாப்பு முதலில் தண்ணீரில் தொடங்குகிறது. பார்படோஸின் முக்கியமான பொதுக் கடற்கரைகளில் அரசின் உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். மேற்குக் கரை அமைதியானது. கிழக்கே பாத்ஷீபாவில் அலை மூர்க்கமானது, அங்கே பிள்ளைகளை இறக்கக் கூடாது. இதை மதில் சொல்லித் தராது, கரையில் நிற்கும் ஊர்க்காரர் சொல்லுவார். விடுதிகள்தானே வேலை தருகின்றன என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான், தருகின்றன. ஆனால் கரையைப் பொதுவில் வைத்திருக்கும் பார்படோஸும் அரூபாவும் சுற்றுலாவால்தான் வாழ்கின்றன. அரூபாவில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1985இல் மூடப்பட்டபோது அந்தத் தீவு சுற்றுலாவைத்தான் பற்றிக்கொண்டது. அதற்காகக் கரையை மக்களிடமிருந்து பறிக்க வேண்டியிருக்கவில்லை.

இயற்கையைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்றால், கட்டாயம் எடுக்க வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். அரூபாவும் குராசாவும் வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே இருக்கின்றன. 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி அட்லாண்டிக்கைப் பார்த்த கரைகளில் குவியலாக ஒதுங்குகிறது; புந்தா கானாவுக்கும் குவாதலூப்புக்கும் அந்தத் தொல்லை உண்டு. எந்த மாதம், தீவின் எந்தப் பக்கம் என்பதை இவை முடிவு செய்யட்டும். எந்தத் தீவு என்பதை முடிவு செய்ய, வரைபடத்தைத் திறந்து, நீங்கள் பார்த்துவைத்த மணலுக்குப் பொதுச் சாலை வந்து சேர்கிறதா என்று பாருங்கள். குவாதலூப் குடும்பங்கள் ஈஸ்டர் விடுமுறைக்குச் சட்டி பானையோடு கடற்கரைக்கு வந்து, நண்டும் அரிசியும் சேர்த்து 'மத்தேத்தே' சமைத்துச் சாப்பிடுகின்றன. அவர்கள் பாய் விரிப்பது ஒரு காலத்தில் பீரங்கிக்காக அளந்து ஒதுக்கிய அந்த ஐம்பது தப்படிக்குள்தான்.