தரங்கம்பாடி நம் பொறுப்பு



1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து டேனியர் தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையைக் கட்டினார்கள். 1706இல் கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு கரையிறங்கினார். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு இந்த ஊர் அச்சுக்கூடத்தில்தான் அச்சேறியது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. 1845இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். டேனியர் வருவதற்கு முன்பே அலையோரத்தில் நின்றது மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டது.

கடலை நாம் தடுத்துவிட முடியாது. ஆனால் நம் கையால் நடக்கும் அழிவைத் தடுக்கலாமே!

பழைய சுவர் விரிசல் விட்டால் உடனே சிமெண்ட் பூசுகிறோம். நல்லெண்ணத்தோடுதான் பூசுகிறோம். ஆனால் இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தவை. சுண்ணாம்புப் பூச்சு வழியே சுவரின் ஈரம் வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. உப்புக்காற்று கொண்டுவந்த உப்பு உள்ளேயே தங்கிப் பூக்கிறது. செங்கல் பொரிந்து உதிர்கிறது. மூன்று நூற்றாண்டு நின்ற சுவரை நம் பூச்சே தின்றுவிடுகிறது.

மாற்று வழியை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே பழைய ஓட்டு வீடுகள் மரபு முறையிலேயே சீர்செய்யப்பட்டன. திண்ணையும் முற்றமும் அப்படியே இருக்க, உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. ஆளற்றுப் பூட்டிய வீட்டில் கறையான்தான் குடியேறும். மனிதர் புழங்கும் வீடுதான் நிலைக்கும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: பழைய வீட்டை இடிக்கும் முன் விவரம் அறிந்தவரிடம் கேளுங்கள். இரண்டு: சுண்ணாம்பு அரைக்கவும் பூசவும் தெரிந்த கொத்தனார்களிடம் நம் இளைஞர்கள் அந்தத் தொழிலைக் கற்கப் பேரூராட்சி வழிசெய்யட்டும். மூன்று: கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே டேனியரின் கதையோடு நம் மீனவரின் வலையும் துடுப்பும், அவர்கள் வாய்மொழியும் இடம்பெறட்டும். நம் பிள்ளைகள் அதை விளக்கிச் சொல்லட்டும்.

ஊர் தன்னுடையது என்று நினைக்கிறவரே அதைக் காப்பார். அந்த நினைவை இன்று இந்த மேடையிலிருந்து வீடு வீடாகக் கொண்டுசெல்வோம்.