அழிந்த படமும் அகப்பட்ட குரலும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)



செயலாளர் என்னிடம் 'மலரும் நினைவுகள்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார். நினைவுகளை மலர வைப்பதற்கு இங்கே கவிஞர்களே நாலு பேர் இருக்கிறார்கள். கல்மண்டபத்தில் முப்பது வருஷம் டி.வி., டெக் ரிப்பேர் கடை வைத்திருந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் நாடா, ஹெட், ஸ்பிரிட், உப்புக்காற்று இவ்வளவுதான். ஆகையால் நான் அழிந்துபோன ஒரு நாடகத்தைப் பற்றிப் பேசுகிறேன். அழிந்துபோன என்றா சொன்னேன்? அழித்த என்று திருத்திக்கொள்ளுங்கள். அழித்தவன் இதோ மைக் முன்னால்தான் நிற்கிறான்.

பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ஆம் தேதி தொடங்கியது. எங்கள் தெருவில் அப்போது ஒரே ஒரு வீட்டில்தான் டி.வி. இருந்தது. சாலிடேர், மரக்கதவு வைத்தது, நிகழ்ச்சி முடிந்ததும் கதவை இழுத்துச் சாத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை படம், செவ்வாய்க்கிழமை நாடகம். இந்தச் செவ்வாய்க்கிழமை நாடகத்தை அதிகம் பேர் இன்றைக்குப் பேசுவதில்லை. ஆனால் ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு ஓடிய எத்தனையோ அமெச்சூர் நடிகர்களுக்கு அதுதான் வாசல். பாங்கிக்காரர், ரயில்வேக்காரர், துறைமுகத்துக்காரர் எல்லாரும் சுவாமி சிவானந்தா சாலை ஸ்டூடியோவில் ஒரு தடவை முகம் காட்டிவிட்டால், மறுநாள் ஆபீஸ் கேண்டீனில் அவர்தான் சிவாஜி!

எங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவன் இருந்தான். வீட்டாரிடம் கேட்டு, பெயரைச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கடைசி வரிசைக்குத் தெரியும். துறைமுகத்தில் வேலை. மாலையானால் நாடகக்குழு. 1985இல் அவன் நடித்த நாடகம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒளிபரப்பானது. கதாநாயகன் இல்லை, வீட்டு வாடகை கேட்டு வருகிற மாமா வேஷம். நான் அதைப் பதிவு செய்தேன். என்னிடம் டெக் இருந்தது. கப்பலில் வேலை பார்த்த என் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ரிப்பேர் வேலை இல்லாத நாளில் அதை வாடகைக்கு விடுவேன். தெருவே கூடி விடிய விடிய மூன்று படம் பார்ப்பார்கள். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய 180 நிமிஷ கேசட்டில் அவன் நாடகத்தோடு வேறு இரண்டு நாடகங்களும் இருந்தன.

வீடியோ கேசட்டின் முதுகில் ஒரு ஓரமாகச் சின்ன பிளாஸ்டிக் பல் ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்த கேசட்டில் மறுபடி எதையும் பதிவு செய்ய முடியாது. அவன் முன்னாலேயே ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைத்துக் காட்டினேன். "இனிமே எமனே வந்தாலும் உன்னை அழிக்க முடியாதுடா" என்று பெருமை வேறு. ஆனால், உடைத்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் போதும், டெக் ஏமாந்துவிடும். இந்த ரகசியமும் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

1987 அக்டோபர் 9. சேப்பாக்கத்தில் உலகக்கோப்பை, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். அன்றைக்கு இந்த அரங்கில் உள்ள பெரியவர்கள் யார் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் உடனே சொல்வீர்கள். ஆஸ்திரேலியா 270. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பவுண்டரியை இன்னிங்ஸ் முடிந்தபிறகு சிக்ஸர் என்று மாற்றினார்கள், அதனால் 268 என்பது 270 ஆனது. நம்மவர்கள் 269க்கு ஆல் அவுட். கடைசி ஓவரில் ஸ்டீவ் வா, மணிந்தர் சிங்கின் ஸ்டம்பைச் சாய்த்தார். ஒரு ரன்!

அன்றைக்கு என் கடையில் புது கேசட் இல்லை. பஜாருக்குப் போய்வர நேரமில்லை. அலமாரியில் கைக்கு எட்டியதை எடுத்தேன், செலோடேப்பை ஒட்டினேன், இந்தியா ஆடியதைப் பதிவு செய்தேன். லேபிளைப் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன். 'நாடகம் 3' என்று என் கையெழுத்தே இருந்தது. நாடகம்தானே, மறுபடி போடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மேட்ச் இன்றைக்கு இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் காப்பாற்றியிருக்க வேண்டியதே இல்லை.

போன வருஷம் அவன் பேரன் என்னைத் தேடி வந்தான். நம் கல்லூரியில்தான் முதலாண்டு படிக்கிறான், இங்கேயும் இருக்கிறான். "தாத்தா, எங்க தாத்தா டி.வி.ல நடிச்சாராமே, அது யூடியூப்ல தேடுனா வரலை. உங்ககிட்ட கேசட் கீதுன்னு ஆயா சொல்லிச்சு" என்றான். அவன் தாத்தா காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேரன் முகத்தில் அதே மூக்கு. எனக்கு வாய் வரவில்லை. "தேடிப் பாக்குறேன்பா" என்று அனுப்பிவிட்டேன். அது பொய். தேட வேண்டியதில்லை, எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மனுஷனுக்கு ஒரு குற்றம் செய்துவிட்டால் கூட்டாளி தேடுவது இயற்கை. எனக்குப் பெரிய பெரிய கூட்டாளிகள் கிடைத்தார்கள். பிரிட்டனில் பி.பி.சி. 1965 முதல் 1967 வரை 'யுனைடெட்' என்று ஒரு கால்பந்துக் குழுவைப் பற்றிய தொடர் நடத்தியது. 147 பகுதிகள். இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. அங்கே பெரியவர்களுக்கென வந்த முதல் தொடர் நாடகம் 'தி குரோவ் ஃபேமிலி', 1954இல் தொடங்கியது. அதிலும் விரல்விட்டு எண்ணும்படிதான் மிச்சம். இன்னொரு பக்கம், 1960 டிசம்பர் 9ஆம் தேதி ஆரம்பித்த 'கோரனேஷன் ஸ்ட்ரீட்' இன்றைக்கும் ஓடுகிறது, அதன் முதல் பகுதியையும் பார்க்கலாம். அதைத் தயாரித்த கிரானடா கம்பெனி பத்திரப்படுத்தியது. அதிகம் போவானேன், மனிதன் நிலவில் இறங்கிய 1969ஆம் வருஷத்து மூலநாடாக்களையே நாசா அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டது என்று 2009இல் ஒப்புக்கொண்டார்கள். நிலாவுக்கே அந்தக் கதி என்றால் வாடகை மாமா எம்மாத்திரம்?

ஏன் அழித்தார்கள்? கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தக் காலத்து இரண்டு அங்குல நாடாவின் விலை யானை விலை. ஒரு நாடாவில் எத்தனை தடவை வேண்டுமானாலும் அழித்துப் பதியலாம். அதுதான் அதன் சிறப்பு என்றே விற்றார்கள். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்கத்தின் கட்டுப்பாடு இருந்தது. கலர் வந்தபிறகு கறுப்பு வெள்ளையை யார் கேட்பார்கள் என்ற நினைப்பு. பி.பி.சி. இந்தப் பழக்கத்தை நிறுத்தியது 1978 வாக்கில்தான். நம் தூர்தர்ஷனிலும் நாடாவை மறுபடி மறுபடி பயன்படுத்தினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு கேசட்டுக்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

எது தப்பியது, எது தப்பவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். உடைமைக்காரன் உள்ளது தப்பியது. அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. 1987 ஜனவரியில் தொடங்கிய ராமாயணத்தைத் தயாரித்தது ராமானந்த் சாகர் குடும்பம். 2020 மார்ச் 28ஆம் தேதி, ஊரடங்கின் நடுவில், தூர்தர்ஷன் அதை மறுபடி போட்டது. நாடே பார்த்தது. கே. பாலசந்தரின் 'ரயில் சினேகம்', அப்புறம் 'மர்மதேசம்' எல்லாம் அவருடைய கவிதாலயா நிறுவனம் வைத்திருந்ததால் இன்றைக்கு யூடியூபில் பார்க்கிறோம். 'மெட்டி ஒலி' 2020இல் மறுபடி ஓடியது. ஆனால் செவ்வாய்க்கிழமை நாடகத்துக்கு யார் சொந்தக்காரர்? எழுதியவரா, குழுவா, நிலையமா? எல்லாருக்கும் கொஞ்சம் சொந்தம். எல்லாருக்கும் கொஞ்சம் சொந்தமான கிணறு எப்போது தூர்ந்தது என்று யாருக்காவது தெரியுமா?

தமிழர்களுக்கு இது புதிதும் இல்லை. நம் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31ஆம் தேதி வெளியானது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பின்னாளில் முருகன் தியேட்டர் என்று பெயர் பெற்ற கினிமா சென்ட்ரலில் ஓடியது. இன்றைக்கு அதன் பிரதி ஒன்றுகூடக் கிடையாது. பாட்டுப் புத்தகம் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, படம் இல்லை.

இவ்வளவு கூட்டாளிகள் கிடைத்தும் மனசு ஆறவில்லை. பேரனிடம் சொன்ன பொய் இரண்டு வாரம் உறுத்தியது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய் அவன் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். மேட்ச், செலோடேப், லேபிளில் இருந்த கையெழுத்து, எதையும் விடவில்லை. அந்த அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது அவருக்குத் தெரியும்ணா. மேட்ச் அன்னிக்கு உங்க கடையிலதானே உக்காந்திருந்தாரு. வீட்டுக்கு வந்து, 'நான் அவுட்டு, மணிந்தரும் அவுட்டு'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. உங்ககிட்ட கேக்கவேணாம்னுட்டாரு. நான்தான் பேரப்புள்ள நச்சரிச்சதால, வேற எதிலாவது கீதான்னு அனுப்பி வெச்சேன்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பார்த்திருக்கிறான். லேபிளையும் பார்த்திருக்கிறான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தினம் என் கடையில் டீ குடித்தவன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் எழுந்திருக்கப் போனபோது அந்த அம்மா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே ரேஷன் கார்டு, பழைய ரசீதுகள், அடியில் ஒரு ஆடியோ கேசட். 'ஒளியும் ஒலியும்' பாட்டைப் பிடிப்பதற்காக அந்தக் காலத்தில் நாமெல்லாம் டேப் ரிக்கார்டரை டி.வி.க்கு முன்னால் வைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த அம்மா அதேபோல அன்றைக்கு நாடகத்துக்கும் வைத்திருக்கிறார்! யாரிடமும் சொல்லவில்லை. "சத்தம் மட்டும்தானே, இதை யாரு கேப்பாங்கன்னு வெச்சிட்டேன்ணா" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை. பி.பி.சி. அழித்த 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகளுக்குப் படம் இல்லை. ஆனால் காணாமல்போன எல்லாப் பகுதிகளுக்கும் ஒலி இருக்கிறது. காரணம், அந்நாட்டுப் பிள்ளைகள் வீட்டில் டி.வி. முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பிடித்து வைத்திருந்தார்கள். வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பிய பிரதிகளில் 9 பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்ததாக 2013இல் அறிவித்தார்கள். அவர்களுக்கு நைஜீரியா, எங்களுக்கு ராயபுரத்தில் ஒரு பிஸ்கட் டின்.

கேசட்டை வாங்கிவந்து உடனே ஓட்டவில்லை. இது முக்கியம், தம்பிகளே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய கேசட் கிடைத்தால் ஆசையில் உடனே போட்டுவிடாதீர்கள். நம் பக்கம் கடற்காற்று, ஈரம். நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சைக்காளான் பூத்திருந்தால், ஓட்டும்போது அது ஹெட்டில் அப்பிக்கொள்ளும், நாடாவும் கிழியும், அடுத்துப் போடுகிற கேசட்டும் கெடும். முதலில் சுத்தம் செய்ய வேண்டும். இந்தக் கேசட்டில் அழுத்தும் பஞ்சு உதிர்ந்துபோயிருந்தது. நாடாவை அப்படியே வேறு கூட்டுக்கு மாற்றினேன். வீடியோவுக்குச் சிரமம் இன்னும் அதிகம். வி.எச்.எஸ். டெக் தயாரித்துவந்த கடைசி கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய வருஷமே ஆஸ்திரேலியாவின் ஆவணக்காப்பகம், காந்தநாடாவில் உள்ளவற்றை 2025க்குள் மாற்றாவிட்டால் அநேகமாகப் போனதுதான் என்று எச்சரித்தது. நாடா மட்டும் காரணமல்ல, ஓட்ட மெஷினும் இல்லை, மெஷினைத் திருத்த ஆளும் இல்லை. எனக்கும் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

கேசட் பேசியது. முதலில் கரகரப்பு, அப்புறம் நாடகத்தின் பெயர் சொல்லும் குரல். அவன் வருவதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது. தெருவில் பூக்காரம்மா குரல். ஒரு குழந்தை அழுகிறது. அந்தக் குழந்தைதான் பேரனின் அப்பா, இப்போது நாற்பதைத் தாண்டியவர். பிறகு கதவு தட்டும் ஓசை, "சார், ஒண்ணாந் தேதி போயி ஏழு நாளாச்சு" என்று அவன் குரல். வீட்டில் இருந்த யாரோ கைதட்டுகிறார்கள். முப்பதாவது நிமிஷத்தில் ஒரு பக்கம் தீர்ந்துவிட்டது. திருப்பிப் போட்ட இடைவெளியில் ஒரு வசனம் போயிருக்கிறது. என்ன வசனம் என்று அந்த அம்மாவுக்கு மனப்பாடம். நான் கேட்டேன். சொல்லவில்லை, "அது எனக்கு இருக்கட்டும்ணா" என்றார்.

கம்ப்யூட்டரில் ஏற்றி மூன்று பிரதி எடுத்திருக்கிறோம். ஒன்று அந்த வீட்டில், ஒன்று பேரனிடம், ஒன்று நம் கல்லூரி நூலகத்தில். இன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பௌதிக ஆய்வுக்கூடத்தில் அதைப் போட்டுக் கேட்கப் போகிறோம். அந்த அம்மாவும் வந்திருக்கிறார். என்னுடைய கடைசி நல்ல டெக்கையும் கொண்டுவந்திருக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை அது அங்கேயே இருக்கும். யார் வீட்டுப் பரணில் கேசட் இருந்தாலும் கொண்டுவாருங்கள், கல்யாண கேசட்டாக இருந்தாலும் பரவாயில்லை. லேபிளைப் படிக்காமல் எதையும் தொடமாட்டேன். செலோடேப் என் பெட்டியில் கிடையாது.

சாம்பார் ஆறுகிறது என்று செயலாளர் கைகாட்டுகிறார்.