உள்ளங்கையில் ஒரு பீடம்



என்ன நடக்கும் என்றும் தெரியாது, எப்போது முடியும் என்றும் தெரியாது. அப்படிப்பட்ட நாள்கள் நம் எல்லார் வாழ்விலும் வருகின்றன. ஸ்கேன் எடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் நாள்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் மகனிடமிருந்து போன் வராத நாள்கள். கடலுக்குப் போன படகு கரை திரும்பாத இரவுகள். அந்த நேரங்களில், "ஆண்டவரே, இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. திருப்பாடல்களும் அப்படிக் கேட்கின்றன. ஆனால் பதில் வரவில்லை என்றதும் செபத்தையே விட்டுவிடுகிறோமே, அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

வியட்நாம் நாட்டு ஆயர் ஒருவரை இன்று நினைத்துப் பார்ப்போம். நம் முத்துக்குளித்துறை மக்கள் நன்கறிந்த புனிதரின் பெயரையே திருமுழுக்கில் பெற்றவர்: பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான். எட்டு ஆண்டுகள் நியா ட்ராங் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த அவரை, 1975 ஏப்ரல் 24ஆம் நாள் சைகோன் உயர்மறைமாவட்டத்தின் இணைப் பேராயராகத் திருத்தந்தை நியமித்தார். ஆறே நாளில் சைகோன் வீழ்ந்தது. ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா அன்று, அவர் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 47. விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. 13 ஆண்டுகள் சிறை. அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை.

தண்டனை இத்தனை ஆண்டு என்று தெரிந்தால் நாளை எண்ணலாம். அவருக்கு அதுவும் இல்லை. குருமடங்கள், இளைஞர்கள், தொடங்கிய பணிகள் எல்லாம் பாதியில் நிற்கின்றனவே என்று இரவெல்லாம் மனம் வெதும்பினார். அப்போதுதான் ஓர் உண்மை அவருக்குப் புரிந்தது. கடவுள் வேறு, கடவுளுக்காக நாம் செய்யும் வேலைகள் வேறு. வேலைகளை அவர்கள் பறித்துவிட்டார்கள்; கடவுளை யாராலும் பறிக்க முடியாது. அதன்பின், விடுதலைக்காகக் காத்துக்கொண்டே வாழ்நாளைக் கழிப்பதில்லை, கையிலிருக்கும் இந்த நாளை அன்பால் நிரப்புவேன் என்று முடிவெடுத்தார்.

வயிற்று வலிக்கு மருந்து வேண்டும் என்று எழுதி அனுப்பினார். மக்கள் புரிந்துகொண்டார்கள். மருந்து என்று எழுதி ஒட்டிய சிறு புட்டியில் திராட்சை இரசம் வந்தது; டார்ச் லைட்டுக்குள் ஒளித்து அப்பமும் வந்தது. உள்ளங்கையில் மூன்று சொட்டு இரசம், ஒரு சொட்டுத் தண்ணீர். அதுவே அவருடைய திருப்பலி. அந்தக் கையே பீடம்.

அன்பர்களே, அவரும் எப்போதும் மனம் குளிர்ந்து செபித்துக்கொண்டிருக்கவில்லை. செபிக்கவே முடியாமல் வேதனைப்பட்ட நீண்ட காலங்கள் தமக்கு இருந்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். படுக்கையில் கிடந்து, "கோயிலுக்குப் போக முடியவில்லையே, செபமாலை பாதியிலேயே தூங்கிவிடுகிறேனே" என்று கலங்கும் தாய்மார்களே, இதைக் கேளுங்கள். நீங்கள் சொல்லி முடித்த அந்தப் பாதி, ஆண்டவருக்கு மூன்று சொட்டு இரசம் போன்றது. அவர் அதை ஏற்றுக்கொள்கிறார்.

1988 நவம்பர் 21 அன்று, அன்னையைக் கோவிலில் காணிக்கையாக்கிய விழா நாளில், அவர் விடுதலையானார். ஆனால் சைகோனில் அந்தப் பணியை ஏற்க அவருக்கு வழி கிடைக்கவில்லை. தாய்நாட்டை விட்டுப் பிரிந்து, கர்தினாலாக உரோமையில் 2002ஆம் ஆண்டு இறந்தார். இழந்ததெல்லாம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இழக்காத ஒருவரை மட்டும் கடைசிவரை பற்றிக்கொண்டிருந்தார். திரு அவை இன்று அவரை வணக்கத்துக்குரியவர் என்று அழைக்கிறது.

நம் காத்திருப்பும் நாம் விரும்பியபடியே முடியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் காத்திருக்கும் நாள்களில் நாம் தனியாக இல்லை. இன்றிரவு விளக்கை அணைக்கும் முன், நாளையைப் பற்றிய கேள்வியைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். உங்களைப்போலவே காத்திருக்கும் ஒருவருக்குப் போன் செய்து, ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசுங்கள்.

ஆண்டவரே, நாளையை நீர் எங்களுக்குக் காட்டாவிட்டாலும், இன்று எங்கள் கையை விட்டுவிடாதேயும். ஆமென்.