மலடி யார்? — இரத்தச் சீட்டும் ஜாதகமும்
(ஸ்ரீபெரும்புதூரில் பேசியது)



பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். இவ்வூருக்குப் பொருத்தமான விஷயந்தான். இவ்வூரில் பிறந்த இராமானுஜரே, அவருடைய தகப்பனார் திருவல்லிக்கேணியில் செய்த யாகத்தின் பலனாகப் பிறந்தவர் என்றுதான் குருபரம்பரைக் கதைகள் சொல்லுகின்றன. தசரதனும் யாகம் செய்தானாம். நாம் ஒன்று கேட்கிறோம். ஒருவனுக்கு மூன்று பட்டத்து மனைவிகள். மூவருக்கும் பிள்ளையில்லை என்றால், குறை யாரிடத்தில் இருக்கக்கூடும் என்று ஒரு சிறுவன்கூடச் சொல்லிவிட மாட்டானா? ஆனால் பாயசம் குடித்தது யார்? மனைவிமார்கள்தான்! மருந்து குடிப்பவளும் பெண், பழி சுமப்பவளும் பெண் என்கிற வழக்கம் அவ்வளவு பழமையானது.

இன்றைக்கு என்ன வாழ்கிறது? இங்கிருந்து ஒரகடம் வரையில் ஆலைகள் நிற்கின்றன. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அவற்றில் பாடுபடுகிறார்கள். இவ்வட்டாரத்துக் கைப்பேசி ஆலையொன்றில் கலியாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கினார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர் செய்தி நிறுவனம் எழுதிற்று. மத்திய சர்க்கார் தமிழ்நாடு சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. பிள்ளை பெறுவாள் என்று வெளியிலே கதவடைப்பு. பெறவில்லையென்றால் வீட்டிலே “மலடி” என்கிற பட்டம்! மலடன் என்ற சொல்லும் நம் பாஷையில் இருக்கிறது. ஆனால் எந்த ஆண்பிள்ளையை எந்த மாமியார் அப்படி அழைத்தாள்?

தோழர்களே! 1978 ஜூலை 25ந் தேதி இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் என்ற பெண், தாயின் கருப்பைக்கு வெளியே உண்டாக்கிய கருவிலிருந்து பிறந்தாள். அதே ஆண்டு அக்டோபர் 3ந் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி அதையே செய்து காட்டினார். யாகம் செய்ததாகச் சொன்னதை இவர்கள் ஆராய்ச்சியினால் செய்தார்கள். ஆனால் இந்த முறையும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. பெண்ணுக்கு வயது ஏற ஏறப் பலன் குறைகிறது. எனவே, யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டி அறிய முடியுமா என்று இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

அது என்ன சோதனை? கையில் முள் குத்தினால் சிவந்து, வீங்கி, சுடுகிறதல்லவா? அதற்கு அழற்சி என்று பெயர். உடம்பின் உள்ளே எங்கு அழற்சி உண்டானாலும் ஈரல் ஒருவிதப் புரதத்தை அதிகமாகச் செய்து இரத்தத்தில் விடுகிறது. சி.ஆர்.பி. என்பது அதுதான். 1930ல் நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தார், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டார்கள்.

இது புகையைப் போன்றது. புகை கண்டால் நெருப்பு உண்டு என்று தெரியும்; அடுப்பிலா, வைக்கோற்போரிலா என்று தெரியாது. சளிக்காய்ச்சல், பல் ஈறு நோய், உடற்பருமன் ஆகிய எதனாலும் இது ஏறலாம். அழற்சி அதிகமுள்ள பெண்களுக்குச் சிகிச்சை பலிப்பது குறைவு என்று சில ஆராய்ச்சிகள் காட்டின. வித்தியாசமில்லை என்று வேறு சில காட்டின. கரு கருப்பையில் ஒட்டுவதற்கே ஓரளவு அழற்சி போன்ற வேலை உள்ளே நடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, “உனக்குப் பிள்ளை உண்டு, உனக்கு இல்லை” என்று எவனாவது சொல்வானானால் அவன் வைத்தியனல்ல, கோட்டுப் போட்ட ஜோசியன் என்றே நாம் சொல்லுவோம். ஜாதகக் கட்டைக் கிழித்தெறிந்துவிட்டு இரத்தச் சீட்டைப் பூஜையில் வைப்பது பகுத்தறிவாகாது.

அப்படியானால் சோதனை வீணா? இல்லை. புகை கண்டால் நெருப்பைத் தேடுவதுதான் அறிவு. நம் நாட்டில் காசநோய் நெஞ்சில் மாத்திரமல்ல, பெண்களின் கருக்குழாயிலும் வந்து, இருமலோ காய்ச்சலோ காட்டாமலே அதை அடைத்துவிடுவதுண்டு. நாள்பட்டபின் அடைப்பு மாறுவது கடினம். இப்படிப்பட்டவள் பத்து வருஷம் அரசமரம் சுற்றினால் என்ன ஆகும்? காலமும் கருக்குழாயும் போவதுதான் மிச்சம். காசநோய்க்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்தில் ஆணுக்கும் குறையில் பங்குண்டு. விந்துப் பரிசோதனை ஊசி குத்தாத, செலவு குறைந்த சோதனை. அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, மனைவியின் தாலியை அடகு வைத்து அவளை ஊசிமேல் ஊசி குத்தவிடுகிறவனுக்கு மானம் எங்கே இருக்கிறது?

தாய்மார்களே! எந்தச் சோதனைக்கும், “இதன் முடிவு தெரிந்தால் சிகிச்சையில் என்ன மாறும்?” என்று வைத்தியரைக் கேளுங்கள். 2021ம் வருஷத்துச் சட்டப்படி பதிவு பெற்ற இடந்தானா என்றும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை பெறுவது ஒன்றுதான் பெண்ணுக்குப் பெருமை என்கிற எண்ணத்தை விட்டொழியுங்கள். பெற்றாலும் பெறாவிட்டாலும் அவள் மனுஷி. அந்த ஒரு பட்டத்தையாவது இன்று முதல் உங்கள் வீட்டில் உச்சரிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு போகும்படி கேட்டு, இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.