நந்தன் கதையில் நாயகன் யார்?
(சேக்காடு கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இவ்வூர் வாலிபர்கள் நந்தன் நாடகம் போடப்போவதாகக் கேள்விப்பட்டோம். தாராளமாகப் போடட்டும். ஆனால் நாயகன் யார் என்று தெரிந்துகொண்டு போடவேண்டும். கதையில் எவன் அதிகம் பாடுகிறான் என்பதல்ல, எவன் இஷ்டப்படி காரியம் நடக்கிறது என்பதே கேள்வி.

பெரியபுராணத்து நந்தன், ஆதனூர்ச் சேரியிலிருந்து கோயில் பேரிகைக்குத் தோலும் வீணைக்கு நரம்பும் கொடுத்து வந்தவன். அவனுக்கு எசமானனாக ஒரு வேதியர் அங்கு கிடையாது. அவரைச் சேர்த்தவர் 19-ம் நூற்றாண்டுக் கோபாலகிருஷ்ண பாரதியார். பார்ப்பனராயிருந்தும் பண்ணையாள் படும் கஷ்டத்தை அவர் பாடினார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 40 வேலியும் ஒரே இரவில் விளைந்ததே, நெல் யார் களஞ்சியத்துக்குப் போயிற்று? ஆண்டவன்கூட மிராசுதாருக்குத்தான் கூலியில்லா ஆளாக வேலை செய்தான்!

1935-ல் கே. பி. சுந்தராம்பாள் லட்சம் ரூபாய் வாங்கி நந்தனாக நடித்தார். 1942-ல் தண்டபாணி தேசிகர் நடித்தார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதைப்படி சிதம்பரத்துக்குள் போனது நந்தனா? நெருப்பில் இறங்கி, பூணூலோடு எழுந்த முனிவனல்லவா போனான்? நந்தன் வெளியிலேயே எரிந்துபோனான்.

1939 ஜூலை 8-ந் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட தோழர்கள் சென்றார்கள். நெருப்பு மூட்டவில்லை, பூணூல் போடவில்லை. சொந்த உடம்போடேயே போனார்கள்.

ஆகையால் வாலிபர்களே, தீ மூட்டும் காட்சி வரும்போது நந்தனை இறங்க மறுக்கச் சொல்லிப் பாருங்கள். அரிச்சந்திரனை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்.