பரணிலிருந்து பந்திவரை: பார்பிக்யூ என்னும் சொல்லும் விருந்தும்



மொழியைப் பற்றிப் பேசவேண்டிய மேடையில் அடுப்பைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். வார இறுதியில் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் கரி மூட்டிக் கோழி இறக்கையும் மீனும் வாட்டும் குடும்பங்களைக் கண்டிராதவர் இவ்வவையில் இருக்கமாட்டார். அதற்கு நாம் வழங்கும் பெயர் ‘பார்பிக்யூ’. அச்சொல் எங்கே பிறந்தது, எவ்வெப் பொருள்களைச் சுமந்தது, அந்நெருப்பைச் சுற்றி அமர்ந்தவர் யார், அமர இடமின்றி நின்றவர் யார் என்பனவற்றை ஒருசேர நோக்குவதே இன்று நம் எண்ணம்.

இது கரீபியத் தீவுகளின் தைனோ மக்களுடைய சொல் என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. ஸ்பானியர் அதனை ‘பர்பக்கோவா’ என எழுதினர். தொடக்கத்தில் அது இறைச்சியையோ சமையலையோ குறிக்கவில்லை. கால்கள் நட்டுக் கழிகளைப் பரப்பி உயர்த்திய ஒரு சட்டகத்தையே குறித்தது. அதன்மேல் உறங்கினர், தானியம் சேர்த்தனர், கீழே தீ மூட்டி மீனையும் ஊனையும் வாட்டினர். ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேதோ 1526இல் வெளியிட்ட நூலில் இச்சொல்லை இன்னொரு பொருளிலும் ஆள்கிறார். மக்காச்சோளக் கொல்லையில் கிளிகள் இறங்காதவாறு சிறுவர் ஏறியிருந்து கூவி விரட்டும் உயர்ந்த மேடைக்கும் அதுவே பெயர் என்கிறார்.

இவ்விடத்தில் தமிழ் படித்தவர் எவரும் சற்று நின்றே செல்வர். தினைப்புனத்தில் கிளி கடிந்த குறிஞ்சி மகளிர் இருந்த இதணம் நம் நினைவுக்கு வருகிறது. பிற்காலத் தமிழில் அது பரண். கொல்லையில் காவலுக்குப் பரண், காட்டில் வேட்டைக்குப் பரண், வீட்டில் பழம்பாத்திரம் ஏற்றிவைக்கவும் பரண். பர்பக்கோவாவுக்குத் தமிழ் ஒருசொல் கேட்டால் ‘பரண்’ என்றே நாம் சொல்வோம். இரண்டும் ‘பர’ என்று தொடங்குகின்றனவே என்று யாரும் உறவு கற்பிக்க வேண்டா. ஒத்த தேவை ஒத்த கருவியைப் படைத்தது, அவ்வளவே.

சட்டகத்தின் பெயர் எவ்வாறு விருந்தின் பெயராயிற்று? ஆங்கிலக் கடலோடி டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில், தாம் இரவில் படுத்துறங்கிய மூன்றடி உயர மரச் சட்டகத்துக்கே இப்பெயரை இடுகிறார். 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதியிலோ இது சமையலின் பெயராகிவிட்டது: முழுப் பன்றியை முதுகெலும்புவரை பிளந்து, கரித்தீக்கு இரண்டடி மேலே விரித்து வாட்டும் மேற்கிந்தியத் தீவுகளின் முறை என்கிறது அகராதி. 1769ஆம் ஆண்டு மே மாதம், பின்னாளில் அமெரிக்காவின் முதல் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டன், அலெக்சாண்டிரியா நகரில் ஒரு பார்பிக்யூவுக்குச் சென்று இரவு அங்கேயே தங்கியதை நாட்குறிப்பில் பதிகிறார். அங்கே அச்சொல் பலர் கூடும் கூட்டத்தின் பெயர்.

நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் உண்டு: ஆகுபெயர். கருவியின் பெயர் அதனால் ஆன பொருளுக்கு ஆகி, பொருளின் பெயர் அதனை உண்ணும் நிகழ்ச்சிக்கு ஆகி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது. பொங்கல் என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். பொங்குதல் தொழில்; பொங்கியது சோறு; அச்சோறு ஆக்கும் நாளும் பொங்கல். மேலைநாட்டு மாணவர்க்கு இச்சொல் வரலாற்றை விளக்க நெடுநேரம் ஆகும்; நன்னூல் கற்ற மாணவர்க்கு இரண்டு மணித்துளி போதும்.

சொல்லை இங்கே நிறுத்திவிட்டு விருந்துக்கு வருவோம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் பார்பிக்யூ ஊர் கூடும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. தேர்தல் காலத்தில் வேட்பாளர் செலவில் பன்றிகள் வெந்தன. சுதந்திர நாளிலும் அறுவடை முடிந்த பின்னும் குழிகள் வெட்டப்பட்டன. 1793 செப்டம்பர் 18ஆம் நாள் வாஷிங்டன் நகரில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபின், 500 பவுண்டு எடையுள்ள எருது ஒன்று வாட்டப்பட்டு, வந்தோர் உண்டனர். ஒரு குடும்பம் தனித்து உண்டு தீர்க்க இயலாத அளவு இறைச்சி. வெப்பநாட்டில் வைத்திருக்கவும் வழியில்லை. பலரை அழைத்தே ஆகவேண்டும் என்பதே இவ்வுணவின் இயல்பு.

இரவெல்லாம் விழித்துக் குழி வெட்டி, விறகு பிளந்து, தணல் தள்ளி, இறைச்சியைப் புரட்டியவர் யார்? பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள். இன்று அமெரிக்கத் தென்பகுதியின் பெருமையாகப் பேசப்படும் கைத்திறனின் பெரும்பகுதி அவர்களுடையது. விருந்து எங்கு நடந்தாலும் அது மக்கள் கூடிப் பேசும் வாய்ப்பும் ஆகும். 1800இல் ரிச்மண்ட் நகரருகே கேப்ரியல் என்னும் அடிமைக் கொல்லர் கிளர்ச்சிக்கு ஆள் சேர்த்த இடங்களுள் இத்தகைய விருந்துகளும் அடங்கும். 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னரின் தோழர்கள் எழுச்சிக்கு முன் கடைசியாகக் கூடியதும் காட்டுக்குள் ஒரு பன்றியைச் சமைத்து உண்டபடியே. 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டனில் விடுதலை அறிவிப்பு வந்தது. அந்நாளை ஆண்டுதோறும் கொண்டாடியவர்கள் அதே தணலையே மூட்டினர், இம்முறை தமக்காக.

இனி நாம் சற்று விரித்துரைக்க விரும்புவது ஒரு வழக்கு. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் ‘ஆலிஸ் பார்பிக்யூ’ என்றோர் உணவகம் 1927 முதல் நடந்துவந்தது. 220 பேர் அமரலாம். பணியாளர் 36 பேர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவர். ஆயினும் கறுப்பின வாடிக்கையாளர் உள்ளே அமர்ந்து உண்ண இயலாது. பொட்டலமாக வாங்கிச் செல்லலாம். 1964இன் குடியுரிமைச் சட்டம் இதனைத் தடைசெய்தபோது, உள்ளூர்க் குடும்பத் தொழிலில் மைய அரசு தலையிடலாகாது என்று உரிமையாளர் வழக்காடினர்.

உச்ச நீதிமன்றம் நோக்கிய இடம் வியப்புக்குரியது. ஓராண்டில் அவ்வுணவகம் வாங்கிய உணவுப் பொருளின் மதிப்பு ஏறத்தாழ 150,000 டாலர். அதில் 69,683 டாலர், அதாவது 46 விழுக்காடு, இறைச்சிக்குரியது. அவ்விறைச்சி பிற மாநிலங்களிலிருந்து வந்தது. மாநில எல்லை தாண்டும் வாணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு உண்டு; ஆகவே சட்டம் இவ்வுணவகத்தையும் கட்டுப்படுத்தும் என 1964 டிசம்பர் 14 அன்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வெளியே நின்ற மனிதனின் மாண்பை நேரே பேசாமல், உள்ளே வெந்த இறைச்சி எங்கிருந்து வந்தது என்று பேசியே கதவு திறந்தது. சட்டத்தின் பார்வையில் அது சரியான வழியாக இருக்கலாம். படிக்கும்போது நமக்கு மனம் உறுத்துகிறது. சமைத்த கை ஏற்புடையது, உடன் அமரும் உடல் ஏற்புடையதன்று என்னும் நிலையை இறைச்சியின் விலைக் கணக்கைக் காட்டித்தான் மாற்றவேண்டியிருந்தது.

அமெரிக்கரை மட்டும் குறைகூறி நகர்வதற்கில்லை. ‘சமபந்தி போசனம்’ என்றொரு தொடர் தமிழில் உண்டு. பந்தி சமமாக இருந்த ஊரில் அத்தொடர் பிறந்திருக்காது.

இப்பகுதிக்கு வருவோம். நமக்கு அண்மையான தணல் உணவு சாத்தே. சாவகத்திலிருந்து பரவி, காஜாங்கிலும் சிங்கப்பூர்த் தெருவோரங்களிலும் வேரூன்றியது. எஸ்பிளனேடு கடலோரத்தில் 1995வரை இயங்கிய சாத்தே கிளப்பை அவையில் உள்ள மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். உண்டு முடித்தபின் குச்சிகளை எண்ணிக் காசு கொடுத்த காலம் அது.

‘சாத்தே’ தமிழ்ச் ‘சதை’யிலிருந்து வந்தது என்று நம் மேடைகளில் அடிக்கடி முழங்கக் கேட்கிறோம். சில அகராதிகளும் அதற்கு இடம் தருகின்றன. நமக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற சொற்களை நோக்குங்கள். ‘பெட்டி’, ‘கட்டில்’ ஆகியவற்றில் இரட்டித்த வல்லினம் மலாயில் வல்லொலியாகவே நிற்கிறது. ‘கடை’ என்பதில் தனித்து வரும் வல்லினம் ‘கெடாய்’ என மெல்லொலித்தே நிற்கிறது. அவ்வாறாயின் ‘சதை’யின் தகரமும் மெல்லொலித்தே சென்றிருக்க வேண்டும். சாத்தேயில் அது வல்லொலி. மேலும், உண்ணும் ஊனைத் தமிழர் சதை என்பதில்லை; கறி என்பர், இறைச்சி என்பர். மூன்று துண்டு எனப் பொருள்படும் ஹொக்கியன் தொடரிலிருந்து சாத்தே வந்தது என்பாரும் உளர். பார்பிக்யூவை, ‘தாடி முதல் வால்வரை’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வருவிப்பாரும் உளர். அதனை அகராதியாளர் ஏற்பதில்லை. பெருமைக்காகச் சொல்லும் சொற்பிறப்பு மற்ற நல்ல சான்றுகளையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும். குச்சியில் கோத்து வாட்டும் வழக்கம் நமக்கும் பழையது என்று காட்ட வேண்டுமெனில், பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளிக்கும் விருந்தில் ஊன் சுட்ட ‘காழ்’ இருக்கிறது. இரும்புக் கோலுக்கு அது அழகிய சொல். அதனைக் கையாளலாம், கடன் கொடுத்ததாகக் கூற வேண்டா.

இறுதியாக, பார்பிக்யூவுக்குத் தமிழ் என்ன என்னும் வினா. ‘வாட்டிறைச்சி’, ‘சுட்டிறைச்சி’ என ஆக்கினால் தட்டில் இருப்பது மட்டும் கிடைக்கும், கூட்டம் விடுபடும். நம்மவரில் புலால் உண்ணாதார் பலர். அவர்கள் பொருட்டும், ஹலால் உண்போர் பொருட்டும் பூங்காக்களில் தனிக் கம்பிவலை கொண்டுவருவதைக் காண்கிறோம். சோளமும் கத்தரிக்காயும் வாட்டி உண்பவரை இறைச்சி என்னும் சொல்லுக்குள் அடக்க இயலாது. ‘தணல் விருந்து’ என்று நாம் முன்மொழிகிறோம். விருந்து என்பதற்குப் பழந்தமிழில் முதற்பொருள் புதுமை. அது புதிதாய் வந்த மனிதருக்கு ஆகி, பின்னரே அவருக்குப் படைக்கும் உணவுக்கு ஆயிற்று. அவ்வகையில் பொட்டலம் கட்டி வாசலில் கொடுத்தனுப்பிய பர்மிங்ஹாம் உணவுக்கு இச்சொல் பொருந்தாது. மன்றம் இதனை ஏற்பதும் விடுவதும் உங்கள் கையில். ‘பார்பிக்யூ போடலாம்’ என்று இளையோர் சொல்வதையும் நாம் தடுக்கப்போவதில்லை. ‘போடு’ என்னும் வினையை அவர்கள் தமிழிலிருந்தே எடுத்திருக்கிறார்கள்.